ஆட்டமில்லாத மாதங்களின் பேச்சு



நாட்டார் இலக்கியம் என்றதும் கல்முனைக் கரையோரத்தில் நமக்கு நினைவு வருபவை கவிகளும் தாலாட்டுகளுமே. அவற்றைத் தேடித் தொகுத்த அன்பர்கள் உண்டு. வாயிலே பிறந்து வாயிலேயே மறைந்துபோகிற இன்னொன்றைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன். சென்னை சுப்பர் கிங்ஸ் அணியின் ரசிகர்கள், அந்த அணி ஆடாத மாதங்களில், தேநீர்க்கடை வாங்குகளில் இருந்து பேசுகிற பேச்சு அது.

ஐ.பி.எல். ஆட்டங்கள் பெரும்பாலும் மார்ச்சில் தொடங்கி மே முடிவோடு ஓய்ந்துவிடும். எஞ்சிய காலமெல்லாம் வதந்தியின் இராச்சியம். யாரை வைத்திருப்பார்கள், யாரை விடுவார்கள், தோனி இன்னுமொரு வருடம் வருவாரா? அண்மை ஆண்டுகளில் ஏலம் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் நடந்திருக்கிறது. நமக்கோ அது மாரிக்காலம். கடல் கொந்தளிக்கும், கரைவலைத் தோணிகள் மணலிலே கிடக்கும். மழைக்கு ஒதுங்கியவனுக்குப் பேச்சைத் தவிர வேறென்ன தொழில்? அமெரிக்காவிலே பேஸ்போல் ரசிகர்களின் குளிர்காலப் பேச்சுக்கு 'ஹொட் ஸ்டோவ் லீக்' என்று ஒரு பெயருண்டு. சூடான அடுப்பைச் சுற்றி நடக்கும் போட்டி என்பது பொருள். நம் இளைஞர்களின் போட்டி பொயிலரைச் சுற்றி நடக்கிறது.

இந்தப் பேச்சுக்குச் சொல் கொடுப்பது கடற்கரைதான். ஏலம் நம்மவர்க்குப் புதிதா? "அறுக்குளா விலைக்குச் சூடைய எடுத்திட்டானுகள் மச்சான்" என்று ஒருவன் சொன்னால், விளையாட்டுப் பத்தி எழுதுபவர் அரைப்பக்கத்தில் சொல்வது அதில் அடங்கிவிடுகிறது. 2024இல் ருதுராஜையும் ஜடேஜாவையும் 18 கோடி ரூபா வீதம் தக்கவைத்த சென்னை, தோனியை 4 கோடிக்கு வைத்துக்கொண்டது. ஐந்தாண்டுகள் சர்வதேச ஆட்டம் ஆடாதவரைப் புதுமுகத்தின் வரிசையில் சேர்க்கும் விதி அதற்கு வழிவிட்டது. "அந்தி விலைதான் காக்கா, ஆனா மீன் பழசில்ல" என்பது அதற்கு நான் கேட்ட உரை. உரையாசிரியர்கள் பொறாமைப்படுவார்கள்!

ஆனால் என் காதில் அதிகம் தங்கியவை இரண்டு சிறு சொற்கள். ஒன்று 'நம்மட', மற்றது 'எங்கட'. நாம் என்றால் கேட்பவனும் உள்ளே. நாங்கள் என்றால் அவன் வெளியே. முன்னிலையை உளப்படுத்துதல் என்று வகுப்பிலே படிப்பிக்கிறோம். வாங்கிலே இருப்பவர்கள் அதைப் படிக்காமலே நுட்பமாகக் கையாளுகிறார்கள். 'நம்மட சென்னை' என்பார்கள். அதே மூச்சில் 'எங்கட பத்திரண' என்பார்கள். மொழியால் ஓர் உறவு, நாட்டால் ஓர் உறவு. 2008இல் கண்டியிலே பிறந்த முத்தையா முரளிதரனைச் சென்னை வாங்கியபோது இரண்டு சொல்லும் ஒரே ஆளில் பொருந்தின.

எப்போதும் அப்படிப் பொருந்துவதில்லை. 2013 மார்ச்சில், ஆட்டங்கள் தொடங்கச் சில நாள்களுக்கு முன், இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக்கூடாதென்று தமிழக முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்கு எழுதினார், ஐ.பி.எல். நிர்வாகமும் அதற்கு இணங்கியது. சென்னை அணியிலேயே இருந்த நுவன் குலசேகரவும் அகில தனஞ்சயவும் சொந்த மைதானத்தில் இறங்க முடியாதவர்களானார்கள். அந்தக் கோபத்தின் பின்னே பெருந்துயரம் இருந்தது. அதை இந்த மாகாணத்தவர்க்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் துயரத்தின் பெயரால் பந்துவீச்சாளனை வாசலிலே நிறுத்துவது எனக்கு ஒப்பான செயலல்ல. மீண்டும் 2022 பெப்ரவரி ஏலத்தில் மஹீஷ் தீக்ஷனவை 70 இலட்சத்துக்குச் சென்னை எடுத்தபோது, அணியையே புறக்கணிக்கும்படி தமிழகத்திலிருந்து சமூக வலைத்தளங்களில் குரல்கள் எழுந்தன. அப்போது சென்னையின் 'நாம்' என்ற சொல்லுக்குள் கல்முனை இருக்கிறதா என்பதே கேள்வியாயிற்று. நம் ரசிகர்கள் அதை மேடையேற்றி விவாதிக்கவில்லை. "அவங்க உட்டாலும் நாம உடுறயில்ல" என்று ஒருவன் சொல்ல, மற்றவன், "அவங்க உடுறாங்களா எண்டு கேளு முதல்ல" என்றான். சிரிப்பு எழுந்தது. முழுச் சிரிப்பல்ல.

2023இல் சென்னை ஐந்தாவது தடவையாகக் கிண்ணம் வென்றபோது அணியில் தீக்ஷனவும் மத்தீஷ பத்திரணவும் இருந்தார்கள். 'நம்மட', 'எங்கட' என்ற வேற்றுமை கொஞ்சநாள் மறைந்தே போயிற்று. பிறகு தீக்ஷன ராஜஸ்தானுக்குப் போனார். 13 கோடிக்குத் தக்கவைக்கப்பட்ட பத்திரணவைச் சென்னை 2025 நவம்பரில் விடுவித்தது. அடுத்த மாத ஏலத்தில் கொல்கத்தா அவரை 18 கோடிக்கு எடுத்தது.

அந்த மழைநாள்களில் வாங்கிலே கேட்டது இது:

"எங்கட பொடியன் போயிட்டான்."

"போனா என்ன மச்சான், நம்மட ரீம் இருக்கே."

"அப்ப அவன் நம்மட ரீமுக்கு எதிராப் போட்டா, நீ யாருக்குக் கைதட்டுவ?"

"முதல்ல போடட்டும், பாப்பம்."