ஒயர் இல்லாத கோனும் ஒரு கைப்பிடி வாஷரும்

நான் முதல்முதலா பாஸிவ் ரேடியேட்டர் போட்டு அடிச்ச சப்வூஃபர் பாக்ஸ் நடந்துச்சு. சும்மா சொல்லலை. மொசைக் தரையில வச்சு பாட்டைப் போட்டேன். பாட்டு முடியறப்போ பாக்ஸ் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நின்னுது. மேல வச்சிருந்த எவர்சில்வர் டம்ளர் ஓரத்துக்கே வந்துடுச்சு, அம்மா ஓடி வந்து பிடிச்சாங்க. "பாட்டுக் கேக்கச் செஞ்சியா, மாவரைக்கச் செஞ்சியா?"ன்னு ஒரு கேள்வி வேற. அன்னைக்கு நான் பண்ண தப்புகளை நீங்க பண்ண வேண்டாம். அதுக்குத்தான் இன்னைக்குப் பேச்சு.

பாஸிவ் ரேடியேட்டர்ன்னா என்ன? ஒரு ஸ்பீக்கர்லேர்ந்து மேக்னட்டையும் வாய்ஸ் காயிலையும் எடுத்துடுங்க. மிச்சம் இருக்கிற கோன், ரப்பர் விளிம்பு, ஃப்ரேம், அதுதான். ஒயர் கிடையாது, வூஃபர் ஆடுறப்போ பெட்டிக்குள்ள இருக்கிற காத்துதான் இதை ஆட்டும். அதனாலதான் "டம்மி"ன்னு சொல்றோம். புளூடூத் ஸ்பீக்கரோட ரெண்டு பக்கமும் ஒரு வட்டம் துடிச்சுக்கிட்டே இருக்குமே, அதுவும் இதே ஜாதிதான். விஷயம் புதுசு இல்லை. அமெரிக்காவுல ஆர்.சி.ஏ. கம்பெனியில இருந்த ஹாரி ஓல்சன் 1935-லயே இதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டார். 1974-ல ரிச்சர்ட் ஸ்மால் இதோட கணக்கை முழுசா எழுதி வெளியிட்டார். இன்னைக்கு நம்ம கம்ப்யூட்டர்ல ஓடுற வின்ஐஎஸ்டி மாதிரி இலவச சாஃப்ட்வேருக்கெல்லாம் அந்த மாதிரி கணக்குதான் அடிப்படை.

"பெட்டியில ஒரு குழாய் வச்சாலே பேஸ் வருமே, இது எதுக்கு?"ன்னு கேக்கலாம். 40 லிட்டர் பாக்ஸ் எடுத்துக்குங்க. உள்பக்கம் நீளம், அகலம், உயரம் எல்லாம் சுமார் 34 சென்டிமீட்டர். அதை 4 இன்ச் பி.வி.சி. குழாய் வச்சு 30 ஹெர்ட்ஸ்ல முழங்குற மாதிரி டியூன் பண்ணணும்னா குழாயோட நீளம் 58 சென்டிமீட்டர் வரும். பெட்டி 34, குழாய் 58. முழங்கை போட்டு வளைக்கணும், குழாயே நாலரை லிட்டர் இடத்தை முழுங்கிடும். மெல்லிசான குழாய் போட்டா நீளம் குறையும், ஆனா சத்தம் கூட்டினதும் காத்து "புஸ் புஸ்"ன்னு சீறும். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், ரெண்டும் சேர்ந்து வேணுங்கிறவங்களுக்குத்தான் டம்மி.

சரி, எதைப் பார்த்து வாங்குறது? எத்தனை இன்ச்னு மட்டும் பார்த்து வாங்காதீங்க. எவ்வளவு காத்தைத் தள்ளும்னு பாருங்க. கோனோட பரப்பை, அது ஒரு பக்கம் எவ்வளவு தூரம் போகுமோ அதால பெருக்குங்க. 10 இன்ச் வூஃபருக்குப் பரப்பு சுமார் 330 சதுர சென்டிமீட்டர். 10 மில்லிமீட்டர் போகும்னா 330 கன சென்டிமீட்டர் காத்து. டம்மி இதுக்கு ரெண்டு மடங்காவது தள்ளணும். ஏன்னா டியூன் பண்ண இடத்துல வூஃபர் கிட்டத்தட்ட சும்மா நிக்கும், உழைப்பு முழுக்க டம்மியோடது. அதே அளவுல, அதே 10 மில்லிமீட்டர் போற ஒரே ஒரு டம்மியை மாட்டினா, கொஞ்சம் சத்தம் வச்சதுமே விளிம்பு இழுபட்டு "டக் டக்"னு அடிக்கும். 15 மில்லிமீட்டர் போற 10 இன்ச் டம்மி ரெண்டு போட்டா மூணு மடங்கு கிடைக்கும். நிம்மதியா கேக்கலாம்.

ரெண்டு போடுங்கன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம்தான் என் நடந்த பாக்ஸ். அதுல ஒரே ஒரு டம்மி. கோனும், எடைக்காகப் போட்ட வாஷரும் சேர்த்து 175 கிராம், பக்கவாட்டுல மாட்டியிருந்தேன். அது 30 ஹெர்ட்ஸ்ல 15 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் போகும்போது பெட்டி மேல விழுற உதை, 9 கிலோவைத் தூக்குற அளவு விசை. வினாடிக்கு 30 தடவை. பெட்டி நடக்காம என்ன பண்ணும்? ரெண்டு டம்மியை நேர் எதிர் பக்கங்கள்ல மாட்டுங்க. ரெண்டும் ஒரே நேரத்துல வெளிய வரும், ஒரே நேரத்துல உள்ள போகும். இந்தப் பக்க உதையை அந்தப் பக்க உதை தின்னுடும்.

அடுத்தது விளிம்போட இறுக்கம். டம்மிக்குன்னு சொந்தமா ஒரு அதிர்வெண் உண்டு. அந்த இடத்துல டம்மியும் வூஃபரும் ஒண்ணையொண்ணு அடிச்சு, சத்தத்துல ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம் காதுக்கு எட்டாத ஆழத்துல இருக்கணும்னா விளிம்பு தளர்வா இருக்கணும். எரிஞ்ச வூஃபரை டம்மியாக்கலாமான்னு கேக்கிறவங்களுக்கும் இதுதான் பதில். ஆக்கலாம். ஆனா மேடை ஸ்பீக்கர் மாதிரி மடிப்புத் துணி விளிம்பு வச்சது வேண்டாம், அது ரொம்ப இறுக்கம். மெத்துனு உருண்ட ரப்பர் விளிம்பா இருக்கட்டும். இன்னொண்ணு: நல்ல காயில் உள்ள வூஃபரை அப்படியே டம்மியா மாட்டிப் பார்க்கிறவங்க அதோட ரெண்டு டெர்மினலையும் சேர்த்து முடிஞ்சிடாதீங்க. விரலால கோனைத் தட்டிப் பாருங்க, "தொம்"னு கேக்கும். டெர்மினலை ஒரு ஒயரால சேர்த்துட்டுத் தட்டுங்க, "தப்"னு அடங்கிடும். காயிலே பிரேக் பிடிக்குது.

இப்போ டியூனிங். ஸ்பிரிங்ல தொங்குற தொட்டில் பார்த்திருப்பீங்க. கைக்குழந்தையைப் போட்டா சடசடன்னு துள்ளும். அதே குழந்தை வளர்ந்து எடை கூடினதும் மெதுவா, ஆழமா ஆடும். டம்மியும் அப்படித்தான். ஸ்பிரிங் எது? பெட்டிக்குள்ள அடைபட்ட காத்தும் டம்மியோட விளிம்பும். எடையைக் கூட்டினா டியூனிங் இறங்கும்.

அதே 40 லிட்டர் பெட்டி, 10 இன்ச் டம்மி ரெண்டு, ஒவ்வொண்ணும் 150 கிராம், தனியா ஆடினா 20 ஹெர்ட்ஸ்னு வச்சுக்குங்க. வாங்கினபடியே மாட்டினா டியூனிங் 41 ஹெர்ட்ஸ்ல நிக்கும். பேஸ் கிடாரோட கடைசித் தந்தி வாசிக்கிற இடமும் அதேதான். அந்த ஒரு சுரம் மட்டும் தனியா முழங்கும், அதுக்குக் கீழ வெறுமை. ஒவ்வொரு டம்மியிலயும் 50 கிராம் ஏத்துங்க, 36-க்கு வரும். இன்னொரு 50, 32. இன்னொரு 50, 29. கவனிச்சீங்களா? போகப்போக அதே 50 கிராமுக்கு இறக்கம் குறையுது. பாட்டுக்கு 30 போதும், அதுக்கு சுமார் 134 கிராம் வாஷர். சினிமாவுக்காக 25 வேணும்னா 259 கிராம். அவ்வளவு எடையை அந்த டம்மி தாங்குமான்னு அது கூட வர்ற தாள்ல பார்த்துக்குங்க.

நிறைய பேர் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. "ஒண்ணுக்கு ரெண்டா போட்டா பேஸ் இன்னும் இறங்கும்"னு நினைப்பாங்க. ஏறும். என் பழைய பாக்ஸ்ல ஒத்தை டம்மி 175 கிராம்ல 30 ஹெர்ட்ஸ்ல இருந்துச்சு. அதே எடையில இன்னொண்ணை மாட்டினேன், 38-க்குப் போயிடுச்சு. அதே காத்தை ரெண்டு பேர் அமுக்கினா ஸ்பிரிங் இறுகத்தானே செய்யும்? ரெண்டாவது டம்மி மாட்டினா எடையையும் கூட்டணும்.

எடையை நடு போல்ட்ல மட்டும் ஏத்துங்க. ஓரமா ஒட்டினா கோன் கோணலா ஆடி விளிம்பைக் கிழிச்சிடும். நட் போட்டா நைலாக் நட் போடுங்க, இல்லைன்னா ரெண்டே பாட்டுல கழண்டு உள்ள உருளும். சமையல் தராசுல நிறுத்து, ரெண்டு டம்மிக்கும் ஒரு கிராம் வித்தியாசம்கூட வராம பார்த்துக்குங்க. டம்மியைத் தரையைப் பார்த்து மாட்டாதீங்க. எடை ஏறின கோன் எப்பவும் தொங்கிக்கிட்டே இருக்கும், அது போற தூரத்துல ஒரு பங்கு வீணாகும்.

மாட்டியாச்சு. உள்ளங்கையால ஒரு டம்மியை மெதுவா உள்ள அமுக்குங்க. வூஃபரும் எதிர்ப்பக்க டம்மியும் வெளிய வரும். அப்படியே பிடிச்சுக்கிட்டு இருங்க. வந்தது நிதானமா திரும்பினா சரி. சட்டுனு திரும்பினா எங்கேயோ காத்துக் கசியுது. பாக்ஸை ஓடவிட்டு மூட்டு, டெர்மினல், ஸ்க்ரூ பக்கமெல்லாம் ஊதுபத்தியைக் காட்டுங்க. புகை எங்க துடிக்குதோ அங்க சிலிக்கான் வைங்க.

அப்புறம் வூஃபர் கோன்ல வெள்ளைப் பெயிண்ட்ல ஒரு சின்னப் புள்ளி. ஃபோன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, சத்தத்தைக் குறைச்சு வச்சு, 50-லேர்ந்து ஒவ்வொரு ஹெர்ட்ஸா இறங்குங்க. பக்கவாட்டுலேர்ந்து பாருங்க. புள்ளி முதல்ல கோடா நீளும். 30-ஐ நெருங்க நெருங்கக் கோடு சுருங்கி மறுபடி புள்ளியாகும். டம்மி அப்போ கும்மாளம் போடும். வூஃபர் எங்க ரொம்ப அடங்குதோ அதுதான் உங்க டியூனிங். 33-ல அடங்கினா வாஷர் ஏத்துங்க, 27-ல அடங்கினா கழட்டுங்க.

அந்த டியூனிங்குக்குக் கீழ ரொம்பப் போகாதீங்க. அங்க வூஃபரைப் பிடிச்சு நிறுத்த ஆள் இல்லை, கோன் கட்டவிழ்ந்து ஆடும். ஆம்ப்ல சப்சானிக் ஃபில்டர் இருந்தா 25 ஹெர்ட்ஸ் பக்கம் வச்சுடுங்க.

என் பாக்ஸ்ல இப்போ எதிரெதிரா ரெண்டு டம்மி. மேல டம்ளர்ல தண்ணி வச்சா லேசா சுருக்கம் விழுது, டம்ளர் நகரலை. மூடியைக் கடைசியா முடுக்குறதுக்கு முன்னாடி உள்பக்கம் பென்சில்ல எழுதி வச்சேன்: எத்தனை லிட்டர், எத்தனை கிராம், எத்தனை ஹெர்ட்ஸ். நீங்களும் எழுதி வைங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வூஃபரை மாத்தத் திறக்கிறப்போ நமக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. வரட்டுங்களா.