மறைவாய்க் கசிந்த இரத்தம்

(நன்கொடையாளர்களின் ஸ்தோத்திரக் கூடுகையில் எங்கள் மருத்துவக் குழுவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



உங்களில் ஒருவர் எங்களுக்கு எழுதிய கடிதத்தில், "நாங்கள் வயிற்றைக் கட்டி அனுப்பும் காணிக்கையைக் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு ஏன் செலவிடுகிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். இரண்டு நோயாளிகளின் காரியத்தைச் சொல்லி அதற்குப் பதிலளிக்க விரும்புகிறோம்.

முதலாமவர் ஒரு கொத்தனார். பல வருடக் குடியினால் கணையம் கெட்டு, மேல்வயிற்று வலியோடு அடிக்கடி வருவார். ஒரு முறை மலம் கருப்பாய்ப் போகிறதென்று வந்தார். குடிப்பவர்தானே, குடற்புண்ணாக இருக்கும் என்று எண்ணி எண்டோஸ்கோப்பி செய்தோம். புண் எதுவும் தென்படவில்லை. இரத்தம் ஏற்றினோம், கசிவு தானாய் நின்றது, வீட்டிற்கு அனுப்பிவிட்டோம். இரண்டு வாரத்திற்குள் இரத்த வாந்தி எடுத்து, எங்களிடம் கொண்டுவரும் வழியிலேயே மரித்துப்போனார்.

சில மாதங்கள் கழித்து ஒரு கூலிக்காரச் சகோதரி வந்தார்கள். அதே வலி, அதே கருப்பு மலம். ஆனால் அவர்கள் மதுவைத் தொட்டதே இல்லை. குடிக்காதவர்களுக்கும் இளவயதிலேயே கணையத்தில் கல் உண்டாக்கும் ஒருவகை நோய் நம் தென்னிந்தியாவில் உண்டு. இங்கும் எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியவில்லை. இம்முறை வீட்டிற்கு அனுப்பாமல், இரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேன் எடுக்க அனுப்பினோம். மண்ணீரலுக்குச் செல்லும் தமனியில் நெல்லிக்காய் அளவு வீக்கம் தெரிந்தது.

அந்தத் தமனி கணையத்தின் மேல் விளிம்பை ஒட்டி வளைந்து ஓடுகிறது. வேறொரு தமனி கணையத்தின் தலைப்பாகத்தருகே, முன்சிறுகுடலுக்குப் பின்னால் இறங்குகிறது. உணவைச் செரிக்க வேண்டிய கணைய நீர், அழற்சியின்போது வெளியே கசிந்து இந்தத் தமனிச் சுவர்களை அரித்துவிடும். அரித்த இடம் பழைய சைக்கிள் டியூபைப்போல் புடைக்கிறது. அது கணையக் குழாய்க்குள் உடைந்தால், இரத்தம் விட்டுவிட்டுக் குடலுக்குள் இறங்கும். உறைந்தால் நிற்கும், மறுபடியும் உடையும். கசிவு நின்ற வேளையில் பார்த்தால் எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியாது. கொத்தனாருக்கும் இதுவே நேர்ந்திருக்க வேண்டும் என்று அப்பொழுதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

இது அரிதான வியாதிதான். 1770-ஆம் ஆண்டிலேயே போசியே என்பவர் இறந்த ஒருவரின் உடலில் மண்ணீரல் தமனி வீக்கத்தைக் கண்டு விவரித்தார். கணைய நோயே இல்லாத பெண்களுக்கும் இது வருவதுண்டு. கர்ப்ப காலத்தில் வெடித்தால் தாயும் சேயும் பிழைப்பது கடினம்.

அந்தச் சகோதரியை இரத்தப் பைகளோடு ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்கே வயிற்றைத் திறக்காமலே, தொடை இடுக்கிலுள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பிளாட்டினம் கம்பிச் சுருள்களை வைத்து அந்த வீக்கத்துக்கு இரத்தம் போகாதபடி அடைத்தார்கள். செலவை ஏழை நோயாளர் நிதி, அதாவது உங்கள் காணிக்கை, ஏற்றுக்கொண்டது. இன்று அவர்கள் வயல் வேலைக்குப் போகிறார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பிரியமானவர்களே, ஒருவர் குடித்தார், ஒருவர் குடிக்கவில்லை. தமனி அந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. ஆனால் நாங்கள் பார்த்தோம். "குடிகாரர்" என்ற எண்ணம் எங்கள் கண்ணை மறைத்ததோ என்று இன்றும் எங்கள் உள்ளம் எங்களைக் குத்துகிறது. எரிகோவுக்குப் போகும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனை நல்ல சமாரியன் கண்டபோது, நீ ஏன் இந்த வழியில் வந்தாய் என்று விசாரிக்கவில்லை. காயத்தைக் கட்டினான், சத்திரக்காரனுக்குப் பணமும் கொடுத்தான்.

இப்போது கணைய நோயாளி எவருக்காவது மலம் கருத்தாலோ, இரத்த அளவு திடீரெனக் குறைந்தாலோ, காரணம் தெரியாமல் வீட்டிற்கு அனுப்புவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். அதற்கு ஸ்கேன் செலவும், பயணச் செலவும், இரத்த தானமும் தேவை. இவைகளுக்காக ஜெபியுங்கள், கூடுமானதைச் செய்யுங்கள். குடியை விட்டுவிடும்படி நோயாளிகளிடம் நாங்கள் தொடர்ந்து மன்றாடுவோம். ஆனால் அதை வைத்தியத்திற்கு நிபந்தனையாக்கமாட்டோம்.

அந்தக் கொத்தனாரின் மனைவியையும் பிள்ளைகளையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.