உங்க வீட்டுக் கடனை வேறொருத்தருக்கு விற்க முடியுமா?

(வ. புதுப்பட்டி கூட்டத்தில் நம் தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ வீட்டுக் கடன் வாங்கியிருப்பீங்க. பத்திரம் அவங்ககிட்ட, இஎம்ஐ நம்ம தலையில. அந்தக் கடனை அவங்க இன்னொரு நிறுவனத்துக்கு விற்கலாம். விதிகளில் அதற்கு இடம் உண்டு.

ஏன் விற்கிறாங்க? ஒரு நிறுவனத்திடம் ஒரு கோடி இருக்குன்னு வைங்க. பத்துப் பேருக்குப் பத்து லட்சம் வீதம் கொடுத்தாச்சு. முழுசா திரும்பி வர இருபது வருஷம். பதினொன்றாவது ஆள் வந்தா கல்லா காலி. அதனால் அந்தப் பத்துக் கடனையும் மொத்தமா ஒரு வங்கிக்கு வித்து, அந்தக் காசில் அடுத்தவங்களுக்குக் கொடுப்பாங்க. இதுதான் வீட்டுக் கடனின் இரண்டாம் நிலைச் சந்தை. நம்ம மாதிரி சின்ன ஊருக்கும் கடன் வந்து சேர இது ஒரு வழி.

இந்தியாவில் தேசிய வீட்டுவசதி வங்கி 2000-ல் இதைத் தொடங்கியது. 2025 மே மாதம், எல்ஐசி ஹவுசிங் பைனான்ஸ் கொடுத்த கடன்களை வைத்து 1,000 கோடி ரூபாய்க்கான சான்றிதழ்கள் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலாகின.

ஆபத்தும் இருக்கு. "எப்படியும் விற்கத்தானே போறோம்" என்று அமெரிக்காவில் கட்ட முடியாதவங்களுக்கும் கடனை அள்ளிக் கொடுத்தாங்க. 2008-ல் எல்லாம் சரிந்தது. லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டை இழந்தன. இங்கே ரிசர்வ் வங்கியின் விதிப்படி, வீட்டுக் கடன்களைத் தொகுத்து இப்படிச் சான்றிதழாக்கி விற்கும் நிறுவனம் குறைந்தது 5 சதவீத நஷ்ட அபாயத்தைத் தானே சுமக்கணும்.

நீங்க நினைவில் வைக்க வேண்டியது மூன்று:

👉 கடன் கைமாறினாலும் உங்க ஒப்பந்தம் அப்படியேதான். வாங்கியவர் இஷ்டத்துக்கு நிபந்தனையை மாற்ற முடியாது.

👉 "இனி இந்த அக்கவுண்டில் கட்டுங்க" என்று போன் வந்தால் உடனே கட்டாதீங்க. கடன் வாங்கிய கிளைக்குப் போய் எழுத்தில் கேளுங்க.

👉 கடன் முழுசா முடிந்த 30 நாளுக்குள் பத்திரம் உங்க கைக்கு வரணும். அவங்க தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தரணும். 2023 டிசம்பர் 1 முதல் இதுதான் விதி.

முதலில் கடன் கொடுத்தவங்களிடம் எழுத்தில் புகார் கொடுங்க. தீரலைன்னா, வங்கிக் கடனுக்கு ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். ஹவுசிங் பைனான்ஸ் கடனுக்கு தேசிய வீட்டுவசதி வங்கி.

நம்ம கோரிக்கை ஒன்றே ஒன்று. கடன் கைமாறினால், யாருக்கு மாறியது, பத்திரம் யாரிடம் இருக்கு என்று கடன்காரருக்குத் தமிழில் ஒரு கடிதம் வரணும். இருபது வருஷம் உழைத்துக் கட்டுறவங்களுக்கு அந்த ஒரு பக்கம் கூடவா கிடைக்கக் கூடாது?

வீட்டுக் கடன் இருக்கிற ஒவ்வொருவருக்கும் இதைப் பகிருங்க.

#வீட்டுக்கடன் #நம்பத்திரம்நம்உரிமை