ஒரே ஓமோன், உடலெங்கும் வேறு வேறு வேலை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பழைய நினைவுகளைப் பேச இங்கே பலர் இருக்கிறீர்கள். நான் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன். மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பலருக்குத் தமொக்சிபென் என்ற வில்லையைக் கொடுக்கிறோம். பசறை, லுணுகலை, தெமோதரைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வரும் அம்மாமார் கேட்பார்கள்: "வருத்தம் மார்பிலதானே டொக்டர், ஏன் கர்ப்பப்பையைப் பத்தி விசாரிக்கிறீங்க?"

நியாயமான கேள்வி. விடை ஈஸ்திரசன் என்ற ஓமோனில் இருக்கிறது. சூலகத்தில் சுரந்து, குருதியோடு உடல் முழுவதும் போகும் ஓமோன் அது. எங்கள் உடலின் கலங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே பரம்பரையலகுகள்தான் உள்ளன. ஆனால் ஈஸ்திரசன் வந்ததும் எல்லா இழையங்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

முன்னைய நாட்களில் தோட்டத்தில் விடியற்காலை தப்பு அடிப்பார்கள். சத்தம் ஒன்றுதான். அதைக் கேட்டுக் கொழுந்தெடுப்பவர் மலைக்குப் போவார்; இன்னொருவர் தொழிற்சாலைக்குப் போவார்; பிள்ளை மடுவமும் திறக்கும். ஈஸ்திரசனும் அப்படித்தான். அதைக் கேட்கும் காது, கலத்துக்குள் இருக்கும் வாங்கி என்ற புரதம். அல்பா, பீற்றா என அதில் இரு வகை. பீற்றா கண்டுபிடிக்கப்பட்டது 1996இல்தான். ஈஸ்திரசன் சேர்ந்ததும் வாங்கி டி.என்.ஏயில் போய் அமர்கிறது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எந்தத் துணைப் புரதங்கள் கூட நிற்கின்றன என்பதைப் பொறுத்துச் சில பரம்பரையலகுகள் இயங்கும், சில அடங்கும். இழையத்துக்கு இழையம் இவை வேறுபடுகின்றன.

அதனால் மார்பகத்திலும் கர்ப்பப்பையின் உட்படையிலும் ஈஸ்திரசன் கலங்களைப் பெருகச் செய்கிறது. என்பில், என்பை அரிக்கும் கலங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஈரலில், கெட்ட கொலஸ்ட்ரோலைக் குருதியிலிருந்து அகற்ற உதவுகிறது. குருதி உறையச் செய்யும் புரதங்களையும் கூட்டுகிறது.

தமொக்சிபெனை 1962இல் முதலில் தயாரித்தவர் டோரா றிச்சட்சன் என்ற ஆங்கிலேய இரசாயனவியலாளர், ஒரு பெண். கருத்தடை மருந்து தேடிய ஆராய்ச்சியில் கிடைத்த பொருள் அது. இந்த வில்லையும் அதே வாங்கியில் போய் அமர்கிறது, ஆனால் வாங்கியின் வடிவத்தை மாற்றிவிடுகிறது. மார்பகத்தில் அது ஈஸ்திரசனுக்குத் தடை. கர்ப்பப்பையிலோ ஈஸ்திரசனைப் போலவே வேலை செய்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணின் என்புக்கும் ஈஸ்திரசனைப் போல் பாதுகாப்புத் தருகிறது.

இப்போது அந்த அம்மாவுக்கான பதில் தெளிவாகிறது. மார்பைக் காக்கும் வில்லை கர்ப்பப்பையின் உட்படையைத் தடிக்கச் செய்யலாம். மாதவிடாய் நின்றவர்களில் சிலருக்கு அங்கே புற்றுநோயும் வரலாம். அது மிகச் சிலருக்கே. ஈஸ்திரசன் வாங்கி உள்ள புற்றுநோயில், 5 வருடம் ஒழுங்காக எடுத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. எனவே பயந்து வில்லையை நிறுத்தக் கூடாது. ஆனால் மாதவிடாய் நின்றபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் உடனே சொல்ல வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

சொல்வது எளிது என்று எனக்குத் தெரியும். கிளினிக்குக்கு வந்தால் ஒரு பேர் போய்விடும். பஸ்ஸுக்குக் காசு வேண்டும். இரத்தம் போவதை மருமகளிடம் சொல்லவே வெட்கம். வந்தாலும், மொழி புரியாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்புபவர்கள் உண்டு.

அந்த இடத்தில்தான் நீங்கள் தேவைப்படுகிறீர்கள். இந்தப் பாடசாலையில் படித்த ஆசிரியைகளும் தாதியரும் குடும்ப நல உத்தியோகத்தர்களும் ஊவாவின் தோட்டமெங்கும் இருக்கிறீர்கள். உங்கள் லயத்தில், உங்கள் வீட்டில் இந்த வில்லை எடுக்கும் ஒருவர் இருந்தால், "இரத்தம் ஏதும் பட்டுச்சா?" என்று ஒருமுறை கேளுங்கள். 35 வயது கடந்தவர்களைச் சுவநாரி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே மார்பகமும் கர்ப்பப்பைக் கழுத்தும் இலவசமாகப் பரிசோதிக்கப்படுகின்றன.

உயிரியல் பாடத்தில் ஓமோன்களைப் பரீட்சைக்காகப் படித்தோம். படித்ததை அம்மாமாருக்கு அவர்கள் மொழியில் சொல்லிக் கொடுப்போம்.