பண்டத்தரிப்பிலிருந்து வேலூர் வரை: ஸ்கடர் ஐயரும் அவர் குடும்பமும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் கடைசியாக நான் மேடையேறியது உயர்தர வகுப்பு நாடகமொன்றில். அன்று எனக்கு ஒரேயொரு வசனம். அதையும் மறந்துபோனேன். எனவே இன்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவம் பற்றிப் பேசும்படிதான் சங்கத்தினர் கேட்டார்கள். ஒரு வைத்தியரைப் பற்றி, அவர் ஒரு குருவானவராகவும் இருந்ததைப் பற்றி, அதற்காக அவர் வீட்டார் கொடுத்த விலையைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணினேன். அவர் பெயர் ஜோன் ஸ்கடர். மிஷன்மாரை எங்கள் முன்னோர் ‘பூவர் ஐயர்’, ‘வின்சுலோ ஐயர்’ என்று அழைத்த வழக்கப்படி அவரை நான் ஸ்கடர் ஐயர் என்றே சொல்கிறேன்.

1793இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பிறந்தவர் அவர். 1813இல் நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்று அந்த நகரிலேயே தொழில் செய்தார். நல்ல பெயர், நல்ல வருமானம், 1816இல் ஹரியற் வாற்றபெரி என்ற பெண்ணுடன் திருமணம். ஒரு நாள் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன வீட்டில், முன் அறையில் காத்திருக்கும்போது, மேசையில் கிடந்த சிறு பிரசுரமொன்றைக் கையில் எடுத்தார். உலகின் தூர தேசங்களுக்குச் சுவிசேஷம் கொண்டுபோகும்படி கேட்கும் பிரசுரம் அது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் பேசினார். 1819 ஜூன் 8ஆம் திகதி பொஸ்ரன் துறைமுகத்தில் ‘இண்டஸ்’ என்ற பாய்க்கப்பலில் இருவரும் கைக்குழந்தையோடு ஏறினார்கள்.

அதே கப்பலில் வின்சுலோ, ஸ்போல்டிங், வூட்வேட் தம்பதியினரும் வந்தார்கள். வின்சுலோ ஐயரின் மனைவி பெயரும் ஹரியற்தான். 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியவர் அவர். யாழ்ப்பாணத்தில் பெண்கல்வியின் வரலாற்றைப் பேச எழும்புகிற எவரும் அந்தக் கப்பலைத் தாண்டிப் போகமுடியாது.

ஒக்ரோபரில் கப்பல் கல்கத்தாவை அடைந்தது. அங்கே ஸ்கடர் தம்பதியினரின் குழந்தை நோயுற்று இறந்தது. ஒரு வைத்தியர் தன் முதற்பிள்ளையைக் கண்முன்னே இழந்தார். குழந்தையை அந்நிய மண்ணில் அடக்கம் செய்துவிட்டு இருவரும் இலங்கைக்கு வந்தார்கள். டிசெம்பரில் தெல்லிப்பழையை அடைந்தார்கள். திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

1820இல் யாழ்ப்பாணத்தில் அவர் குருவாக அபிஷேகம் செய்யப்பட்டார். பண்டத்தரிப்பு அவருக்குக் கொடுக்கப்பட்டது. பழைய பறங்கிக் காலத்துக் கோயிலின் இடிபாடுகளைத் திருத்தி, வீடும் சிறு வைத்தியசாலையும் அமைத்து, பாடசாலை நடத்தி, ஞாயிறு ஆராதனை நடத்தி, ஊரூராகப் போய்ப் பிரசங்கமும் செய்தார். அமெரிக்கா வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் வைத்திய மிஷனறி என்று வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது. அந்தப் பெயர் பண்டத்தரிப்பில் உருவானது என்பது நாங்கள் அதிகம் சொல்லிக்கொள்ளாத பெருமை.

பிள்ளைகளே, அன்றைய வைத்தியத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஈதர் கொடுத்து மயக்கிச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்பது 1846இல்தான் பொஸ்ரனில் பகிரங்கமாகக் காட்டப்பட்டது. மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்பது நிரூபிக்கப்பட்டது 1897இல். கிருமிகள் நோயைத் தருகின்றன என்று எவருக்கும் தெரியாத காலம். எங்கள் பாட்டிமார் கோபம் வந்தால் ‘கோதாரி’ என்று திட்டுவார்களே, அந்தப் பேதி நோய் ஒரு கிராமத்துக்குள் வந்தால் வீடுவீடாகக் கொண்டுபோகும். இன்று ஒரு சேலைன் போத்தலால் காப்பாற்றக்கூடிய உயிர்கள் அவை. மயக்கமருந்து இல்லாமல் கட்டி வெட்டவும் கண்ணுக்குச் சிகிச்சை செய்யவும் ஒரு மனிதனுக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அந்தக் கத்திக்குக் கீழே அசையாமல் படுத்திருந்த பண்டத்தரிப்பு ஆச்சிக்கு அதைவிடத் துணிவு வேண்டும். அவருடைய பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். நான் சைவக் குடும்பத்துப் பிள்ளை. இந்தக் கல்லூரியில் பதின்மூன்று வருடம் காலைப் பிரார்த்தனையில் நின்றேன். வெள்ளிக்கிழமைகளில் திருநீறு பூசிக்கொண்டும் வந்தேன். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. ஆனால் ஸ்கடர் ஐயர் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்களில் எங்கள் கோயில்களையும் வழிபாட்டையும் பற்றிக் கடுமையாகவே எழுதியிருக்கிறார். அதை வாசித்தபோது எனக்கு மனம் நொந்தது. அவருடைய மூத்த மகன் ஹென்றி மார்ட்டின் பண்டத்தரிப்பில் பிறந்தது 1822 பெப்ரவரியில். அதே வருடம் டிசெம்பரில் நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். மிஷன் பாடசாலையில் கற்று, அங்கேயே கற்பித்து, பிறகு 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி அந்தக் கடுமைக்கு நாவலர் பதில் சொன்னார். இரண்டு பக்கத்தின் கொடையிலும் வளர்ந்தவர்கள் நாங்கள். ஸ்கடர் ஐயரின் சமயக் கண்ணோட்டத்தை நான் ஏற்கவில்லை. கதவைத் தட்டிய நோயாளிக்குக் கதவு திறந்த அந்தக் கையை மதிக்கிறேன். இரண்டையும் ஒரே மனதில் வைத்திருக்கலாம் என்று எனக்குக் கற்றுத் தந்தது இந்தக் கல்லூரிதான்.

இனி ஹரியற் அம்மாவிடம் வருகிறேன். உண்மையில் நான் பேச வந்தது அவரைப் பற்றித்தான்.

ஐயர் ஊரூராகப் போனார். வீட்டில் இருந்தவர் அம்மா. பிள்ளைகளைப் பெற்று, சிலரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்து, மிச்சப் பிள்ளைகளை வளர்த்து, பாடசாலைப் பிள்ளைகளையும் பார்த்தவர். அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த ஒரு கதை உண்டு. தென்னிந்தியாவில் பயணம் செய்தபோது ஐயருக்குக் கடுமையான காட்டுக் காய்ச்சல் கண்டது. செய்தி கேட்ட அம்மா சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு, புலிகள் நடமாடும் காட்டு வழியே புறப்பட்டார். சுமைகாரர் பயந்து ஓடிவிட, இரவு முழுவதும் பிள்ளையை அணைத்தபடி செபித்துக்கொண்டிருந்தாராம். விடிந்ததும் மீண்டும் பயணம். அவர் போய்ச் சேர்ந்தபோது ஐயர் உயிரோடு இருந்தார்.

அதைவிட என்னைத் தொட்டது வேறொன்று. மிஷன் வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்ததும் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்புவது வழக்கம். ஹென்றி மார்ட்டினை அனுப்பும்போது அவனுக்குப் பத்து வயது. பாய்க்கப்பலில் மாதக்கணக்கான பயணம். கடிதம் போய்ப் பதில் வர ஒரு வருடமும் ஆகலாம். 1842இல் பெற்றோர் அமெரிக்காவுக்குப் போகும்வரை மகனைக் காணவில்லை. பத்து வயதில் அனுப்பிய பிள்ளை இருபது வயது இளைஞனாக முன்னால் வந்து நின்றான்.

இதை வாசித்த இரவு எனக்கு என் அம்மாவின் நினைவு வந்தது. 1988இல் என் அண்ணாவை அம்மா வெளிநாட்டுக்கு அனுப்பினார். அண்ணாவுக்குப் பதினாறு வயது. காணி ஈடு வைத்த காசு, ஏஜென்சிக்காரரின் வாக்கு, ஒரு சின்னப் பை. போய்ச் சேர்ந்தான் என்ற செய்தி வர ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் அண்ணாவின் கோப்பையைக் கழுவிக் கழுவி அடுக்கில் வைப்பார் அம்மா. பிறகு 2002இல் பாதை திறந்தபோது அண்ணா வந்தான். பதினான்கு வருடம். தலை முன்பக்கம் வழுக்கை. அம்மா படலையில் நின்று ‘தம்பி, ஆரப்பு தேடுறியள்?’ என்று கேட்டார். அண்ணா ‘அம்மா’ என்று சொன்ன பிறகுதான் குரலில் பிள்ளையைக் கண்டுபிடித்தார்.

இந்த மலரை உலகின் பல மூலைகளிலிருந்தும் வாசிக்கப் போகும் சகோதரிகளே, உங்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படியொரு படலை இருக்கிறது! நாங்கள் எல்லோரும் ஹரியற் அம்மாவின் உறவினர்தான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அவர் தாமாகத் தெரிந்தெடுத்த பிரிவு அது. எங்கள் தாய்மாருக்குத் தெரிவு இருக்கவில்லை.

1836இல் ஸ்கடர் ஐயரும் வின்சுலோ ஐயரும் சென்னைக்கு மாறிப்போய் அமெரிக்க மிஷன் அச்சகத்தை ஏற்படுத்தினார்கள். வின்சுலோவின் புகழ்பெற்ற தமிழ் ஆங்கில அகராதி 1862இல் அங்கே அச்சானது. ஸ்கடர் ஐயர் தென்னிந்தியக் கிராமங்களில் நாள் முழுவதும் நின்றபடியே வைத்தியமும் பிரசங்கமும் செய்தார். 1849இல் ஹரியற் அம்மா சென்னையில் காலமானார். உடல் தளர்ந்த ஐயர் மாற்றம் தேடித் தென்னாபிரிக்காவுக்குப் போய், 1855 ஜனவரியில் கேப் ரவுணுக்கு அருகே வைன்பேக்கில் இறந்தார். கல்கத்தாவில் பிள்ளை, சென்னையில் தாய், ஆபிரிக்காவில் தந்தை. ஒரு குடும்பத்தின் கல்லறைகள் மூன்று இடங்களில் கிடக்கின்றன. எங்களுக்கு இது விளங்காததல்ல.

அவர்களுடைய ஏழு ஆண்பிள்ளைகளும் இரண்டு பெண்பிள்ளைகளும் இந்தியாவில் மிஷன் பணிக்கு வந்தார்கள். ஹென்றி மார்ட்டினும் தம்பிமாரும் ஆற்காட்டு மிஷனை அமைத்தார்கள். சைலஸ் என்ற மகன் 1866இல் இராணிப்பேட்டையில் வைத்தியசாலை தொடங்கினார். கடைசி மகன் இரண்டாவது ஜோன், 1835இல் எங்கள் சாவகச்சேரியில் பிறந்தவர். 1995 ஒக்ரோபர் முடிவில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்து, சாவகச்சேரியில் ஒரு கோயில் மண்டபத்தில் நாங்கள் படுத்திருந்தபோது எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அன்று என்ன ஆறுதல் வந்திருக்கும்? ஒன்றுமில்லை. இன்று வருகிறது.

ஏனென்றால் அந்தச் சாவகச்சேரிப் பிள்ளையின் மகள்தான் ஐடா ஸ்கடர். இளம்பெண்ணாக அவருக்கு மிஷன் வாழ்க்கையில் விருப்பமே இருக்கவில்லை. தாயின் சுகவீனத்துக்காகத் திண்டிவனம் வந்தவர். ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிமாரைக் காப்பாற்றும்படி கேட்டார்கள். ‘நான் வைத்தியரல்ல, என் தந்தைதான் வைத்தியர்’ என்றார் ஐடா. ஆண் வைத்தியரை வீட்டுக்குள் விட அவர்கள் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா போய், 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்து வேலூரில் ஒற்றைக் கட்டில் போட்டு வைத்தியம் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலை. இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதுதான். ‘வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டுவம்’ என்று எங்கள் ஊரில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! அந்த வேலூரின் வேர் ஒன்று வடமராட்சிக்கும் தீவகத்துக்கும் நடுவே, வலிகாமத்தின் ஒரு சிறு ஊரில் இருக்கிறது.

நான் மகப்பேற்று விடுதியில் வேலை செய்த முதல் வருடம், வன்னியில், ஒரு இளம் தாயை இழந்தேன். தூரத்திலிருந்து பிந்தி வந்தவர். இரத்தப்பெருக்கு நிற்கவில்லை. அன்றிரவு வேலையை விட்டுவிடுவோம் என்று நினைத்தேன். அண்ணாவின் நாட்டுக்குப் போக விண்ணப்பப் படிவம் மேசையில் இருந்தது. நான் போகவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. போனவர்கள் தவறு செய்தவர்களுமல்லர். என் மகள் எட்டு வயதில், பாடசாலை நிகழ்ச்சிக்கு நான் வராததற்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதுவும் கணக்கில் உண்டு. சேவை என்று நாங்கள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் வீட்டில் யாரோ ஒருவர் பங்கு கட்டுகிறார். அவருடைய பெயரையும் கல்லில் எழுதவேண்டும்.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். ஸ்கடர் ஐயர் தூரத்துப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். எழுதியதில் சிலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. எழுதிய பழக்கம் நல்லது. எங்கள் விடுதியில் இன்றும் பெற்றோரைப் பிரிந்து படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சங்கத்துக்குப் பணம் அனுப்புகிற அக்காமாரே, தங்கச்சிமாரே, பணத்தோடு ஒரு பிள்ளைக்கு மாதம் ஒரு கடிதமும் எழுதுங்கள். உங்கள் தொழிலைப் பற்றி, பனியைப் பற்றி, நீங்கள் கணிதத்தில் பெற்ற முப்பது புள்ளியைப் பற்றி எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். பதில் வரும். வராவிட்டால் விடுதிப் பொறுப்பாசிரியைக்குச் சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

முதல் கடிதத்தை நான் இன்று எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளைக்கு. கூட்டம் முடிந்ததும் கையிலேயே கொடுப்பேன்.