விரால் குழம்பும் பாதரசமும்

கோடையில் ஏரி வற்றினால் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் விரால் குழம்பு மணக்கும். ஆனால் விரால் வளரும் நீரில் பாதரசம் கலந்தால், சேற்று நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசம் என்ற சேர்மமாக்குகின்றன. புழுவைத் தின்ற கெண்டைக் குஞ்சு, குஞ்சைத் தின்ற விரால் என்று அதன் அளவு ஏறிக்கொண்டே போகும்.

பாதரசத் தெர்மாமீட்டர் செய்த கொடைக்கானல் ஆலை 2001-ல் மூடப்பட்டது. 2006-ல் வெளியான ஆய்வு, அவ்வூர் ஏரி மீனிலும் பாதரசத்தைக் கண்டது.

நீரில் கலக்கும் வேறு உலோகங்களான ஈயமும் காட்மியமும் மீனின் செவுள், ஈரல், சிறுநீரகத்தில்தான் அதிகம் தங்கும். அவற்றைக் குடலோடு வழித்தெறிந்தால் ஓரளவு குறையும். பாதரசமோ சதையிலேயே ஒட்டும். மஞ்சள் போட்டு உரசினாலும், புளியில் கொதிக்க வைத்தாலும் போகாது. வயிற்றுப் பிள்ளையின் மூளையைப் பதம் பார்க்கும்.

அதற்காக மீனையே ஒதுக்க வேண்டாம். ஆலைக் கழிவு கலக்கும் ஏரியின் பெரிய விராலை மட்டும் கர்ப்பிணிக்குக் கொடுக்காதீர்கள்.