சின்ன இன்ஜினா, பெரிய இன்ஜினா?

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, ‘லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?’ என்கிற ஒரே கேள்வியோடு உட்கார்ந்துட்டாரு. பெண் பார்க்கப் போன இடத்துல, ‘பொண்ணு எத்தனை இட்லி சாப்பிடும்?’னு கேட்ட கதைதான்! (சிரிப்பு)

சரி, அவர் கணக்கையே போடுவோம். நம்ம ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தயாராகிற ஹூண்டாய் க்ரெட்டா. 2015-லிருந்து 2020 தொடக்கம் வரைக்கும் அதுல 1.4, 1.6னு ரெண்டு டீசல் இன்ஜின் வந்துச்சு. இப்ப ரெண்டும் பழைய வண்டியாத்தான் கிடைக்கும். கம்பெனிக் கணக்குப்படி 1.4 லிட்டருக்கு 21.38 கிலோமீட்டர், கியர் மாத்தி ஓட்டுற 1.6 வண்டி 19.67. வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினா வித்தியாசம் சுமார் 49 லிட்டர். லிட்டர் 95 ரூபாய்னே வச்சுக்குங்க, ஐயாயிரம் கூட வரலை. அந்த ஐயாயிரத்துக்கு நீங்க விடுறது என்ன? 90 குதிரைக்குப் பதிலா 128 குதிரை!

நான் அனுபவிச்சவன் ஐயா. முன்னால வச்சிருந்தது ஒரு சின்ன டீசல், பெயர் வேண்டாம். நான், மனைவி, ரெண்டு பிள்ளைகள், அம்மா, மேல பெட்டி படுக்கை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதைத் தாண்டி ஒரு திருப்பத்துல வேகம் குறைஞ்சுது, வண்டி திணறி நின்னுடுச்சு. பின்னால பஸ். வண்டி ஒரு முழம் பின்னால உருண்டப்ப, அம்மா பேரனை இறுக்கிப் பிடிச்ச பிடி இன்னும் என் கண்ணுல நிக்குது. ஏ.சி.யை அணைச்சு, எல்லாரையும் இறக்கி, நடக்க வச்சேன். அம்மாவுக்கு முழங்கால் வலி வேற.

காரணம் என்னன்னா, டர்போ சுத்துறதே இன்ஜின் விடுற புகையின் வேகத்துலதான். வளைவுல இன்ஜின் சுழற்சி குறைஞ்சா டர்போ தூங்கிடும். அப்ப வண்டியை இழுக்க வேண்டியது இன்ஜினோட சொந்த உடம்பு. சின்ன உடம்பு என்ன செய்யும், பாவம்!

ஒண்ணை ஒத்துக்கிறேன். தினமும் பள்ளிக்கூடம், மார்க்கெட்டுனு எட்டு கிலோமீட்டர் ஓட்டறவருக்கு ரெண்டுமே வேண்டாம், பெட்ரோலே போதும். களைச்சுப்போன 1.6-ஐ விட நல்லா வச்சிருந்த 1.4 மேல். பார்க்கப் போறப்ப பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சுட்டா, நீங்க வர்றதுக்கு முன்னாலயே சூடேத்தி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஆறின பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தா குபுகுபுன்னு புகை வருதா? கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. (கைதட்டல்)

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சிடறேன். போன தை மாசம் 1.6-ல மறுபடி வால்பாறை போனோம். அதே திருப்பம் வந்ததும் அம்மா செருப்பை மாட்டிக்கிட்டுக் கதவுப் பிடியில கை வச்சாங்க. வண்டி ஏறிடுச்சு. ‘ஏண்டா, இறங்க வேண்டாமா?’ன்னாங்க.